லெக்சிங்ரன் குடிப்படையும் குடிவழி ஆய்வும்

1775 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 19 ஆந் திகதி விடியற்பொழுதில், மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தின் லெக்சிங்ரன் என்னும் சிற்றூரில், எழுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட தொகையினரான ஊரவர் துப்பாக்கி ஏந்தி ஊர்த்திடலில் அணிவகுத்து நின்றனர். பொஸ்ரனிலிருந்து கொன்கோட் நோக்கி இரவோடிரவாகப் புறப்பட்ட ஏறத்தாழ 700 பிரித்தானியப் படையினரின் முன்னணி, கதிரவன் எழும் வேளையில் அத்திடலை அடைந்தது. முதல் வெடி யாருடையது என்னும் வினா இன்றுவரை தீரவில்லை. சில நிமிடங்களுக்குள் குடிப்படையின் பக்கத்தில் எட்டுப் பேர் மாண்டு கிடந்தனர். பத்துப் பேர் வரையிற் காயமுற்றனர். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கமாக வரலாற்று நூல்கள் கொள்ளும் நிகழ்ச்சி இதுவே.

அன்று அத்திடலில் நின்றவர்களுள் இருவரின் குடிவழி இங்கு நோக்கப்படுகின்றது. ஒருவர் படைப்பிரிவின் தலைவரான கப்ரன் ஜோன் பாக்கர். மற்றவர், அதே பிரிவில் நின்று காயமுற்ற பிறின்ஸ் எஸ்ரபுறுக். முன்னவரின் மூதாதையரை 1635 ஆம் ஆண்டுவரை பின்னோக்கியும், வழித்தோன்றல்களை நூற்றாண்டுகள் முன்னோக்கியும் தொடரலாம். பின்னவரின் பெயர் அவ்வாண்டிலேயே அச்சிடப்பட்ட மாண்டோர், காயமுற்றோர் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அப்பெயரின் அருகே ‘நீக்கிரோ மனிதன்’ என்னும் குறிப்பும் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் பெஞ்சமின் எஸ்ரபுறுக் என்பவரின் அடிமை. ஒரே திடலில், ஒரே காலைப்பொழுதில், ஒரே தலைவனின் கட்டளையின் கீழ் நின்ற இருவருக்கு ஆவணங்கள் ஈந்த இடம் எத்துணை வேறுபட்டது என்பதை ஆராய்வது, குடிவழி ஆய்வு என்னும் துறையின் தன்மையையே விளக்குவதாக அமையும்.

முதலிற் குடிப்படை என்பது யாதென்று அறிதல் வேண்டும். நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களில் நிரந்தரப் படை இருக்கவில்லை. மசச்சூசெற்ஸில் 16 வயது முதல் 60 வயது வரையான ஆடவர் தத்தம் ஊர்ப் பிரிவிற் சேர்ந்து பயிற்சி பெறக் கடமைப்பட்டிருந்தனர். பிரிவின் தலைவர்களை அவர்களே தெரிவுசெய்தனர். ஆகவே ஒரு பிரிவில் தந்தையும் மகனும், மாமனும் மருகனும், கடன் கொடுத்தவனும் கடன்பட்டவனும் அருகருகே நின்றனர். லெக்சிங்ரன் பிரிவில் மன்றோ, ஹரிங்ரன், பாக்கர் முதலிய ஒருசில குடும்பப் பெயர்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. அன்று துப்பாக்கிச் சனியனாற் குத்துண்டு மாண்ட ஜோனாஸ் பாக்கர், தலைவரின் ஒன்றுவிட்ட உறவினர். பட்டியலைப் படிக்கும்போது ஒரு படைப்பிரிவைக் காட்டிலும் ஓர் ஊரின் கொண்டான் கொடுத்தான் உறவே கண்முன் தோன்றுகின்றது எனலாம்.

குடிவழி ஆய்வாளனுக்கு இது வாய்ப்பாகவும் இடராகவும் அமைகின்றது. ஊரை அறிந்தால் ஆளை அறியலாம் என்பது வாய்ப்பு. ஆனாற் குடிப்படைச் சேவை பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோதான் நீடித்தது. வாஷிங்ரனின் தலைமையிலமைந்த கண்டப் படையிற் பல ஆண்டுகள் சேவை செய்தவனின் பெயர், வரவுப் பட்டியலிலும் சம்பளப் பட்டியலிலும் உடைப் பட்டியலிலும் பன்முறை பதியப்பட்டது. குடிப்படையினனோ அழைப்பு வந்தபோது ஏரை விட்டுச் சென்று, அபாயம் நீங்கியதும் வயலுக்குத் திரும்பியவன். பல ஊர்களின் தலைவர்கள், ஏப்பிரல் 19 ஆந் திகதி புறப்பட்டவர்கள் எத்தனை மைல் நடந்தனர், எத்தனை நாள் நின்றனர் என்று கணக்கெழுதிக் கூலி கோரினர். அவ்வாறெழுந்த ஒரு வரிக் கணக்கே பல குடிப்படையினருக்கு எஞ்சிய முழு வரலாறு.

ஒரு வரியைக் குடும்ப வரலாறாக விரிப்பதற்குத் துணைநிற்பன ஊர்ப் பதிவேடுகளே. மசச்சூசெற்ஸ் ஊர்களில் 17 ஆம் நூற்றாண்டிலிருந்தே பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியன ஊர் எழுத்தராற் பதியப்பட்டுவந்தன. திருச்சபைகள் தனியே ஏடுகள் வைத்திருந்தன. காணி உறுதிகளும் மரண சாதனங்களும் மாவட்ட நீதிமன்றங்களிற் பேணப்பட்டன. (1816 இல் யாழ்ப்பாணம் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கிய டானியல் பூவர், இத்தகைய ஊர்களுள் ஒன்றாகிய டான்வேர்ஸில் 1789 இற் பிறந்தவர். அதே ஏப்பிரல் 19 ஆந் திகதி மாலையில் அவ்வூர் ஏழு பேரை இழந்திருந்தது.) இவ்வேடுகளின் துணைகொண்டே பாக்கர் குடும்பத்தின் வழி நிறுவப்பட்டுள்ளது.

தோமஸ் பாக்கர் என்பவர் 1635 இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து லின் என்னுமிடத்திற் குடியமர்ந்து, பின்னர் ரெடிங் என்ற ஊரை நிறுவியோருள் ஒருவரானார். அவர் மகன் ஹனனையா. ஹனனையாவின் மகன் ஜோன், 1712 இல் லெக்சிங்ரனிற் காணி வாங்கிக் குடியேறினார். அந்த ஜோனின் மகன் ஜோசையா. ஜோசையாவின் மகனே 1729 இற் பிறந்த கப்ரன் ஜோன் பாக்கர். 1755 இல் லிடியா மூர் என்பவரை மணந்து எழுவர் மக்களைப் பெற்றார். தொழிலால் உழவர், தச்சுவேலையிலும் கைதேர்ந்தவர். 1775 ஏப்பிரலில் அவர் காசநோயின் பிடியில் இருந்தார். அவ்வாண்டு செப்ரெம்பர் 17 ஆந் திகதி, தாம் தொடக்கிவைத்த போர் எங்ஙனம் முடியும் என்பதை அறியாமலே இறந்தார். அவரின் உருவப்படம் எதுவும் இல்லை. லெக்சிங்ரன் திடலில் 1900 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சிலையை மக்கள் கப்ரன் பாக்கர் என்றே அழைக்கின்றனர். அது சிற்பியின் கற்பனை முகம். அச்சிலைக்கு வழங்கும் ‘நிமிட வீரன்’ என்ற பெயரும் அவ்வளவு பொருத்தமன்று. ஒரு நிமிட முன்னறிவிப்பிற் புறப்படவெனத் தெரிந்தெடுத்த தனிப்பிரிவை வேறு ஊர்கள் அமைத்திருந்தன. லெக்சிங்ரனில் நின்றதோ பழைய முறையிலமைந்த ஊர்ப் பயிற்சிப் பிரிவே.

ஐந்து தலைமுறைகளை இவ்வளவு சுருக்கமாகக் கூறிவிட முடிந்தாலும், அதன் பின்னாலுள்ள உழைப்பு சிறிதன்று. 1868 இற் சாள்ஸ் ஹட்சன் எழுதிய லெக்சிங்ரன் ஊர் வரலாறும், 1893 இல் வூஸ்ரர் நகரில் அச்சான பாக்கர் குடிவழி நூலும் இத்தொடர்பை நிலைநாட்டின. இடர்கள் பல. ஜோன் பாக்கர் என்னும் பெயருடையோர் அக்காலப் படைப்பட்டியல்களில் ஏராளம். தந்தைக்கும் மகனுக்கும் பெயரனுக்கும் ஒரே பெயரை இடும் வழக்கம் இருந்தது. ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்ற அடைமொழிகளைக் கண்டவுடன் தந்தையும் மகனும் என்று முடிவுகட்டுவது தவறு. ஒரே ஊரில் ஒரே பெயருடன் வாழ்ந்த சிறிய தந்தையையும் மருகனையும், சிலவேளை உறவே இல்லாத இருவரையும் வேறுபடுத்தவும் அவ்வடைமொழிகள் பயன்பட்டன. முதியவர் இறந்ததும் ‘இளையவர்’ ‘மூத்தவர்’ ஆகிவிடுவார். திகதிகளும் அவ்வாறே. பிரித்தானியப் பேரரசில் 1752 வரை ஆண்டு மார்ச் 25 ஆந் திகதியே தொடங்கிற்று. ஆதலால் அதற்கு முந்திய பெப்ரவரியிற் பிறந்த குழந்தைக்கு, இன்றைய கணக்கின்படி ஓராண்டு பிந்திய ஆண்டே பொருந்தும். இதனை அறியாதவர்கள் மணமாகு முன்பே மகவு பிறந்ததாக எழுதிய குடிவழிகளும் உண்டு.

எழுத்து ஆவணங்கள் இவ்வாறிருக்க, குடும்ப மரபுரை என்னும் சான்றை எவ்வாறு மதிப்பது என்பது இதனிலும் கடினமான வினா. பாக்கர் குடும்பமே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. லெக்சிங்ரன் திடலிலுள்ள பாறையொன்றில், அன்று காலை பாக்கர் தம் வீரர்க்குக் கூறியதாகச் சில சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நின்ற இடத்தை விட்டு அகலாதீர், சுடப்பட்டாலன்றிச் சுடாதீர், அவர்கள் போரை விரும்பின் அது இங்கேயே தொடங்கட்டும் என்பது அவற்றின் கருத்து. அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் மனனம் செய்யும் சொற்கள் இவை. ஆயின் நிகழ்ச்சிக்கு ஆறு நாட்களின் பின், 1775 ஏப்பிரல் 25 ஆந் திகதி, பாக்கர் தாமே சத்தியஞ் செய்து அளித்த வாக்குமூலத்தில் இச்சொற்கள் இல்லை. படையினர் துன்புறுத்தினாலன்றி அவர்களுடன் தலையிடுவதில்லை என்று முன்னரே முடிவு செய்திருந்ததாகவும், அவர்கள் திடீரென நெருங்கியபோது கலைந்து செல்லுமாறும் சுடாதிருக்குமாறும் தாம் உடனே கட்டளையிட்டதாகவுமே அதில் அவர் கூறினார்.

பாறையிலுள்ள சொற்கள் எங்கிருந்து வந்தன? பாக்கரின் பெயரன் தியோடோர் பாக்கர், புகழ்பெற்ற சமயப் போதகர், 1858 இல் வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் பான்குறொவ்ற் என்பவருக்கு எழுதிய கடிதமே முதன்மை மூலம். அச்சொற்கள் தம் குடும்பத்தில் வழிவழியாகக் காக்கப்பட்டுவந்தன என்றும், 1820 களிற் போர் நாடகமாக மீள நடிக்கப்பட்டபோது, அன்று பாக்கரின் கீழ்ச் சாஜனாக இருந்த முதியவரே தலைவரின் இடத்தில் நின்று அவற்றை மொழிந்து, கப்ரன் சொன்னவை இவையே என உறுதி கூறினார் என்றும் அவர் எழுதினார். பெயரன் பிறந்தது 1810 இல். பாட்டனாரை அவர் கண்டதில்லை. எனினும் 1761 இற் பிறந்த தந்தையார் 1836 வரை வாழ்ந்தவர். எனவே இடையில் ஒரேயொரு தலைமுறையே உள்ளது. மரபுரையை முற்றாகத் தள்ளிவிடவும் முடியவில்லை; முற்றாக ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 1775 இற் குடியேற்றத்தவர்க்குத் தேவைப்பட்டது, தாம் தாக்கப்பட்ட அப்பாவிகள் என்று இங்கிலாந்திலுள்ள மக்களுக்கு உணர்த்துவது. ஆகவே வாக்குமூலங்கள் யாவும் குடிப்படையினர் கலைந்து கொண்டிருந்தனர் என்பதையே வற்புறுத்தின. ஐம்பது ஆண்டுகளின் பின் நிலைமை மாறிவிட்டது. முதலில் எதிர்த்துச் சுட்ட பெருமை தமதே என்று கொன்கோட் ஊரவர் கூற, லெக்சிங்ரன் ஊரவர் கொதித்தெழுந்தனர். எலையஸ் பின்னி என்பவர் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப் புதிய வாக்குமூலங்கள் பெற்று 1825 இல் நூலாக வெளியிட்டார். இப்போது முதியவர்கள், திடலிலேயே எதிர்த்துச் சுட்டோம் என்று சத்தியஞ் செய்தனர். 1827 இற் கொன்கோட்டின் போதகர் எஸ்றா றிப்ளி மறுப்பு நூல் எழுதினார். முதியோர் பொய் கூறினர் என்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. எந்த வினா கேட்கப்படுகின்றதோ அதற்குரிய பகுதியே நினைவில் மேலெழுகின்றது. 1775 இன் வாக்குமூலமும் 1825 இன் வாக்குமூலமும் சத்தியக்கூற்றுகளே; ஒவ்வொன்றும் தன் காலத்தின் தேவைக்கு விடையளித்தது.

முதியவர்களின் நினைவு மிகப் பெருந்தொகையில் எழுத்திலேறியது ஓய்வூதிய விண்ணப்பங்களின் வாயிலாகவே. 1800 நவம்பர் 8 ஆந் திகதி வாஷிங்ரனிலுள்ள போர்த் திணைக்களத்தில் ஏற்பட்ட தீயினால் அதற்கு முந்திய விண்ணப்பங்கள் அழிந்துவிட்டன. பின்னர் 1818 ஆம் ஆண்டுச் சட்டம், கண்டப் படையில் ஒன்பது மாதமேனும் சேவை செய்து வறுமையுற்றவர்க்கு மாதம் 8 டொலர் வழங்கியது. விண்ணப்பங்கள் மலைபோற் குவியவே, 1820 இல் மற்றொரு சட்டம் இயற்றி, ஒவ்வொருவரும் தம் உடைமைகளை நீதிமன்றத்திற் பட்டியலிட்டுக் காட்டவேண்டும் எனப் பணித்தனர். ஒரு பசு, இரண்டு பன்றி, உடைந்த தேநீர்க் கெண்டி, பழைய சட்டிபானை, பட்ட கடன், உடனுறையும் மனைவியின் நோய், மகளின் வயது என்று விரியும் இப்பட்டியல்கள், போர்வீரனின் வாழ்நாளிறுதியை எந்த நினைவுச் சின்னத்தைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுகின்றன. வறுமையை நிறுவும் பொருட்டு அரசு கேட்ட கணக்கே இன்று வழித்தோன்றலுக்குக் கிடைத்த முதுசொம்.

குடிப்படையினர்க்கு வாயில் திறந்தது 1832 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே. ஆறு மாத சேவையை நிறுவக்கூடிய குடிப்படையினரும் அதனால் ஓய்வூதியத்துக்கு உரியராயினர். பிறந்த இடமும் ஆண்டும் யாவை, வயதுக்குச் சான்று உண்டா, அழைக்கப்பட்டபோது எங்கு வாழ்ந்தார், தாமாகச் சேர்ந்தாரா, பிறர்க்குப் பதிலாகச் சென்றாரா, அதிகாரிகள் யார், விடுவிப்புப் பத்திரம் பெற்றாரா, அயலில் அவரை அறிந்தோர் யார் என நீதிமன்றத்தில் வினவப்பட்டது. எழுபதும் எண்பதும் கடந்த கிழவர்கள், பத்திரங்கள் தொலைந்துபோன நிலையில், தம் இளமையைத் தம் வாயாலேயே கூறி நிறுவினர். 1836 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வந்த சட்டங்கள் கைம்பெண்களுக்கும் இவ்வுரிமையை விரித்தன. திருமணத்தை நிறுவ வேறு வழியற்ற கைம்பெண்கள், குடும்ப வேதாகமத்தில் பிறப்பு இறப்பு எழுதிய தாளைக் கிழித்து அனுப்பினர்; பென்சில்வேனியாவின் ஜேர்மன் குடும்பங்கள் வண்ண எழுத்தில் தீட்டிய ஞானஸ்நானப் பத்திரங்களை அனுப்பின. அத்தாள்கள் திரும்பிச் செல்லவில்லை. ஏறத்தாழ 80,000 கோவைகளுடன் அவை தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. போரிற் சேவை செய்தவரின் கைம்பெண்ணாக ஓய்வூதியம் பெற்ற கடைசிப் பெண்மணி வெர்மொன்ற் மாநிலத்தில் 1906 இற் காலமானார் என்பது வியப்பூட்டும் செய்தி. இருபத்தொரு வயதில் எழுபத்தாறு வயதினரை மணந்தவர் அவர்.

இனிப் பிறின்ஸ் எஸ்ரபுறுக்கை நோக்கலாம். இதுவரை கூறிய வழிகள் யாவும் அவரிடத்தில் வளைந்து வேறு திசையிற் செல்கின்றன. பாக்கரைத் தேடுபவன் மகனிலிருந்து தந்தைக்குச் செல்கிறான். அடிமையைத் தேடுபவனோ அடிமையிலிருந்து உடைமையாளனுக்குச் செல்லவேண்டும். பிறின்ஸ் என்பது தாய் இட்ட பெயரன்று. இளவரசன் எனப் பொருள்படும் அப்பெயரையும், சீசர், பொம்பி, கேற்றோ முதலிய உரோமானியப் பெயர்களையும் அடிமைகளுக்கிடுவது நியூ இங்கிலாந்து உடைமையாளரின் வழக்கம். எஸ்ரபுறுக் என்பது உடைமையாளரின் குடும்பப் பெயர். அதுவும் ஆவணத்துக்கு ஆவணம் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வருகின்றது. நீதிமன்ற ஏடுகளில் அடிமைகள் தோன்றுவது பெரும்பாலும் இறந்தவரின் உடைமைக் கணக்கிலே, கால்நடைக்கும் தளபாடத்துக்கும் இடையில். 1771 இல் மசச்சூசெற்ஸ் எடுத்த வரி மதிப்புப் பட்டியலில் ‘ஆயுட்கால ஊழியர்’ என்ற நிரலொன்று உண்டு. அதில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை.

ஆயினும் அவர் படைப்பட்டியலிற் பெயருடன் நிற்கின்றார். இது தற்செயலானதன்று. துப்பாக்கி ஏந்தும் ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர் வேண்டும். கூலி கணக்கிட வேண்டும். அடிமைத்தளையில் இருந்த ஒருவனுக்குப் பெயரையும் திகதியையும் இடத்தையும் சேர்த்து வழங்கிய முதல் ஆவணம் பல சந்தர்ப்பங்களிற் போர் ஆவணமாகவே இருந்தது. அவ்விடமும் எளிதிற் கிடைத்ததன்று. லெக்சிங்ரனில் இரத்தம் சிந்தி ஒரு மாதமே கழிந்த நிலையில், 1775 மே 20 ஆந் திகதி, மசச்சூசெற்ஸின் பாதுகாப்புக் குழு அடிமைகளைப் படையிற் சேர்க்கலாகாது எனத் தீர்மானித்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வாஷிங்ரனின் போர்ச் சபை, சுதந்திரமான கறுப்பினத்தவரையும் விலக்க முடிவு செய்தது. வர்ஜீனியாவின் பிரித்தானிய ஆளுநர் டன்மோர், தம் பக்கம் சேரும் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்ததன் பின்னரே, ஆண்டிறுதியில் அம்முடிவு ஓரளவு தளர்த்தப்பட்டது. சுதந்திரத்துக்கான போரில் யார் சாகலாம் என்பதற்கும் அனுமதி வேண்டியிருந்தது.

தோளிற் பட்ட காயம் ஆறியபின் பிறின்ஸ் மீண்டும் சேவைக்குச் சென்றார். போரின் இறுதி ஆண்டுகளிற் கேணல் ஜோன் கிறீற்றனின் மசச்சூசெற்ஸ் படைவகுப்பில் அவர் இருந்தார். 1783 வரை அவரது சேவை நீண்டது. பாக்கர் ஐந்து மாதத்தில் மறைந்தார். பிறின்ஸோ போர் தொடங்கிய காலைப்பொழுதிலும் அது முடிந்த ஆண்டிலும் இருந்தவர். 1896 முதல் 1908 வரை மசச்சூசெற்ஸ் அரசு 17 தொகுதிகளில் வெளியிட்ட படைவீரர் அகராதி, ஒவ்வொரு குடும்பப் பெயரின் வேறுபட்ட எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தருவதால், சிதறிக் கிடந்த இச்சேவைகளை ஒருவருடையவை என இணைக்க முடிகின்றது. உலர்ந்த அகராதிதான், ஆயினும் பல நாவல்களை விஞ்சிய பயன் அதற்குண்டு.

போர் முடியுந் தறுவாயில் மசச்சூசெற்ஸில் அடிமைமுறையும் தளர்ந்தது. மனிதர் யாவரும் சுதந்திரராகப் பிறந்தோர் எனக் கூறிய 1780 ஆம் ஆண்டு அரசியலமைப்பை அடிப்படையாகக் கொண்டு, குவொக் வோக்கர் என்பவரின் வழக்கில் 1783 இல் நீதியரசர் அளித்த விளக்கம் அதற்கு வழிவகுத்தது. 1790 இல் எடுக்கப்பட்ட முதலாவது குடிசன மதிப்பில் மசச்சூசெற்ஸ் அடிமைகள் எவருமில்லை எனப் பதிந்தது. ஆனால் அக்குடிசன மதிப்பு குடும்பத் தலைவரை மட்டுமே பெயர் சொல்லிற்று. வீட்டிலுள்ள ஏனையோர் எண்களே. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது 1850 ஆம் ஆண்டிலேயே. ஆதலால் விடுதலை பெற்றபின்னும் பழைய எசமானர் வீட்டோடு ஒட்டி வாழ்ந்தோர், அந்த அறுபது ஆண்டுகளில் ‘ஏனைய சுதந்திர ஆட்கள்’ என்னும் நிரலில் ஓர் எண்ணாகவே நின்றனர். பிறின்ஸின் பின்வாழ்வும் எஸ்ரபுறுக் குடும்பத்தை ஒட்டியே சென்றது. பெஞ்சமினின் மகன் நேதன் ஆஷ்பி என்னும் ஊருக்குப் பெயர்ந்தபோது அவரும் அங்கு சென்றார். அங்கேயே முதுமையில் இறந்தார். ஆஷ்பி இடுகாட்டில் அவருக்குக் கல் நாட்டப்பட்டது 1930 ஆம் ஆண்டில், போர்த் திணைக்களத்தினால்.

அவர் தனியர் அல்லர். பிறேமிங்ஹாம் ஊரின் பீற்றர் சேலம் என்னும் அடிமை, படையிற் சேர்வதற்காக விடுவிக்கப்பட்டு, ஏப்பிரல் 19 ஆந் திகதியும் பின்னர் பங்கர் குன்றிலும் போரிட்டவர். போரின் பின் கதிரைகளுக்குப் பிரம்பு பின்னியும் கூடை முடைந்தும் வாழ்ந்து, 1816 இற் பிறேமிங்ஹாம் ஏழையர் இல்லத்தில் மாண்டார். வறிய வீரர்க்கு மாதம் 8 டொலர் தந்த சட்டம் வருவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. விண்ணப்பம் இன்மையால் வாக்குமூலமும் இல்லை, உடைமைப் பட்டியலும் இல்லை. 1882 இல் அவ்வூர் அவருக்கு நினைவுக்கல் எழுப்பிற்று.

இவ்விரு குடிவழிகளும் 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓரிடத்திற் சந்தித்தன எனலாம். 1850 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, தென்மாநிலங்களிலிருந்து தப்பியோடி வந்த அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் கடமையை வடமாநிலங்கள் மீது சுமத்திற்று. பொஸ்ரனில் அதனை எதிர்த்துநின்ற குழுவின் முன்னணியில் நின்றவர் தியோடோர் பாக்கர். தப்பிவந்த வில்லியம் கிறாவ்ற், எலென் கிறாவ்ற் தம்பதியருள் எலெனைத் தம் வீட்டில் மறைத்து, இருவருக்கும் முறைப்படி மணம் செய்துவைத்து, வில்லியத்தின் கையில் வேதாகமத்தையும் ஒரு கத்தியையும் சேர்த்துக் கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் சனாதிபதி பில்மோருக்கு எழுதிய கடிதத்தில், தம் எழுத்து மேசையருகே பாட்டனார் லெக்சிங்ரனில் ஏந்திய துப்பாக்கியும், அன்று பிரித்தானிய வீரனிடமிருந்து கைப்பற்றிய துப்பாக்கியும் தொங்குவதைச் சுட்டிக்காட்டி, அத்தகைய முன்னோர் வழிவந்த தாம் தஞ்சமடைந்தோரைக் காட்டிக்கொடுத்தல் எங்ஙனம் எனக் கேட்டார். குடிவழி என்பது பெருமைக்கான அணிகலனாக மட்டுமன்றிக் கடமைக்கான சான்றாகவும் அங்கு பயன்பட்டது. அந்தப் பாட்டனாரின் அணியிலேயே ஓர் அடிமையும் நின்றிருந்தார் என்பதை நினைக்கும்போது அக்கடிதம் மேலும் கனக்கின்றது. 1860 இற் புளோரன்ஸ் நகரில் இறந்த தியோடோர், அத்துப்பாக்கிகளை மசச்சூசெற்ஸ் மாநிலத்துக்கு எழுதிவைத்தார். அவை மாநில மன்றத்தின் செனற் மண்டபத்தில் வைக்கப்பட்டன.

அதே பொஸ்ரனில் அதே ஆண்டுகளில், வில்லியம் கூப்பர் நெல் என்னும் கறுப்பின எழுத்தாளர், விடுதலைப் போரிற் சேவைசெய்த தம் இனத்தவரின் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டினார். கல்லறைகளையும் முதியோர் நினைவுகளையும் செய்தித்தாள் துணுக்குகளையும் கொண்டு அவர் 1855 இல் வெளியிட்ட நூலுக்கு ஹரியெற் பீச்சர் ஸ்ரோ அணிந்துரை வழங்கினார். அவரிடம் துப்பாக்கி மரபுரிமையாக இருக்கவில்லை, பட்டியல்தான் இருந்தது. முறைப்படுத்தப்பட்ட கறுப்பினக் குடிவழி ஆய்வின் முன்னோடி என அவரைக் கொள்வது மிகையாகாது.

1890 இல் அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கம் தோன்றியதும், குடிப்படையினரின் வழித்தோன்றல் என்று நிறுவுவது சமூக மதிப்பின் அடையாளமாயிற்று. ஊர்ப் பதிவேடுகள் அச்சேறியதற்கும் கல்லறைகள் காக்கப்பட்டதற்கும் இவ்வார்வமே பெருங்காரணம்; அந்நன்மையை மறுப்பதற்கில்லை. அதே சங்கம் 1939 இல் மரியன் அண்டேர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்குத் தன் மண்டபத்தைத் தர மறுத்ததும் வரலாறே. கறுப்பினப் பெண்ணொருவர் அறியப்பட்ட முதலாவது உறுப்பினராக அதிற் சேர்ந்தது 1977 இல். டெற்றோயிற் நகரைச் சேர்ந்த அவர் உறுப்புரிமை பெற்றது, பென்சில்வேனியாவில் சேவைசெய்த வெள்ளையின மூதாதை ஒருவரின் வழியாக என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’ தொலைக்காட்சித் தொடராகக் காட்டப்பட்ட ஆண்டும் அதுவே. 2008 இற் சங்கமே கறுப்பினத்தவரும் செவ்விந்தியரும் ஆகிய 6,600 க்கும் மேற்பட்ட படைவீரரின் பெயர்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. பெயர்கள் கிடைத்துள்ளன. வழித்தோன்றலிலிருந்து அப்பெயரை நோக்கிப் பின்செல்லும் பாதை, 1850 க்கு முந்திய ஏடுகளில் இன்னமும் இடையிடையே அறுந்துதான் கிடக்கின்றது.

லெக்சிங்ரன் திடலில் 1799 இல் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கின்றது. மாண்ட எட்டுப் பேரின் பெயர்கள் அதிலுண்டு. திடலுக்கு எதிரே, அன்றிரவு குடிப்படையினர் முரசொலிக்குக் காத்திருந்த பக்மன் சத்திரம் இருக்கின்றது. அதன் முன்றிலில் 2008 ஏப்பிரலிற் பிறின்ஸ் எஸ்ரபுறுக்குக்கு ஒரு கல் நாட்டப்பட்டது.